‘கிங் ஆஃப் தீவ்ஸ்’: கையில் கிடைத்த உண்மையைக் கைவிட்ட படம்

லண்டனில் நகை வணிகர்கள் நெருங்கித் தொழில் செய்யும் பகுதி ஹாட்டன் கார்டன். 2015 ஈஸ்டர் விடுமுறையில், அங்கிருந்த லாக்கர் நிறுவனம் ஒன்றின் நிலவறைக்குள் ஒரு கும்பல் 50 சென்டிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் சுவரைத் துளைத்து நுழைந்தது. கும்பலில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். திட்டத்தின் மூத்த மூளையான பிரையன் ரீடருக்கு வயது 76. நிலவறையில் இருந்த 999 பெட்டிகளில் 73 பெட்டிகள் உடைபட்டன. ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் பவுண்டு மதிப்புள்ள தங்கமும் வைரமும் பணமும் காணாமல் போயின. மூன்றாண்டு கழித்து, 2018 செப்டம்பரில், ஜேம்ஸ் மார்ஷ் இயக்கத்தில் ‘கிங் ஆஃப் தீவ்ஸ்’ வெளிவந்தது. ரீடராக மைக்கேல் கெய்ன், டெரி பெர்க்கின்ஸாக ஜிம் பிராட்பென்ட், கென்னி காலின்ஸாக டாம் கோர்ட்னி. இவர்களோடு ரே வின்ஸ்டனும் மைக்கேல் காம்பனும். பிரிட்டிஷ் நடிப்பின் ஒரு தலைமுறையே திரண்டு நின்ற படம் ஏன் இப்படிச் சப்பென்று போனது? ‘முடிவுதான் எல்லோருக்கும் தெரியுமே, அப்புறம் என்ன விறுவிறுப்பு’ என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எனக்கு அது சரியாகப் படவில்லை. நடந்த குற்றத்தைப் படமாக்குகிறோம் என்று அறிவித்துக்கொண்டவர்கள், அந்தக் குற்றம் எப்படி நடந்தது, செய்தவர்கள் யார், பறிகொடுத்தவர்கள் யார் என்று அறியும் ஆர்வத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். உண்மை அவர்களுக்கு விளம்பர வாசகமாகப் பயன்பட்ட அளவுக்குக் கதையாகப் பயன்படவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஜிம் பிராட்பென்டை இளகிய, கொஞ்சம் அசட்டுத்தனமான பெரியவராகவே பார்த்துப் பழகியவர்கள் ஏராளம். இதில் அவருடைய பெர்க்கின்ஸ் சிரித்தபடி இருக்கும்போதே முகம் இறுகி, அடுத்த சொல் மிரட்டலாக வெளிவரும். நீரிழிவு நோயாளியான ஒரு கிழவர் அறையில் இருக்கும் எல்லோரையும் அஞ்ச வைக்க முடியும் என்பதை உரக்கக் கத்தாமலே காட்டிவிடுகிறார். பங்கு பிரிக்கும் கட்டத்தில் பழைய நட்பெல்லாம் உதிர்ந்து, ஒருவர் முதுகுக்குப் பின்னால் மற்றவர் பேசும் பிற்பாதியும் படத்தின் துணிவான பகுதிதான். இவர்களை ஏழைக்கு இரங்கும் நல்ல திருடர்களாக மார்ஷ் காட்டவில்லை. அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் அது வந்து சேர்வதற்குள் படத்தின் சரிபாதி முடிந்துவிடுகிறது. அதுவரை துள்ளும் ஜாஸ் இசையும் மூட்டுவலி நகைச்சுவையும் கேட்காத காதும் நம்மைச் சிரிக்கச் சொல்கின்றன. சிரித்துப் பழகிய முகத்தைத் திடீரென்று இறுக்கிக்கொள்ளச் சொன்னால் பார்வையாளர் தடுமாறத்தான் செய்வார். படத்துக்குள் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று கட்டியெழுப்பிய நம்பிக்கையை மற்றது இடிக்கிறது.

முடிவு தெரிந்த கதையில் ஈர்ப்பு இருக்காது என்ற வாதத்துக்கு மறுமொழி மார்ஷிடமே இருக்கிறது. 2008இல் அவர் எடுத்த ‘மேன் ஆன் ஒயர்’ என்ற ஆவணப்படம், 1974 ஆகஸ்ட் 7 காலையில் நியூயார்க் இரட்டைக் கோபுரங்களுக்கு இடையே கம்பியில் நடந்த பிலிப் பெத்தி பற்றியது. பெத்தியே உயிரோடு கேமரா முன் உட்கார்ந்து கதை சொல்கிறார். அவர் விழவில்லை என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்த செய்தி. நடையைப் பதிவு செய்த ஓடும் படச்சுருள்கூட இல்லை, புகைப்படங்கள்தான் உண்டு. இருந்தும் அந்தப் படத்தை மார்ஷ் ஒரு கொள்ளைக் கதையைப் போலவே கட்டினார். போலி அடையாள அட்டைகள், காவலாளிக்குப் பயந்து தார்ப்பாய்க்கு அடியில் அசையாமல் கிடந்த மணிக்கணக்கான நேரம், ஒரு கோபுரத்திலிருந்து மற்றொன்றுக்கு அம்பில் கட்டி எய்த தூண்டில் நரம்பு. ‘அடுத்து என்ன’ என்ற கேள்வியின் இடத்தில் ‘இதை எப்படிச் செய்தார்கள்’, ‘இதை ஏன் செய்யத் தோன்றியது’ என்ற இரண்டு கேள்விகளை வைத்ததால்தான் அது மூச்சைப் பிடிக்க வைத்தது. ஆஸ்கர் விருதும் வாங்கியது. அந்தக் கலையை அறிந்த ஒருவர் பத்தாண்டு கழித்து அசலான ஒரு கொள்ளையை எடுத்துக்கொண்டபோது இரண்டு கேள்விகளையும் கை நழுவவிட்டார் என்பதுதான் ஏமாற்றத்தை இரட்டிப்பாக்குகிறது.

ஹாட்டன் கார்டனில் ‘எப்படி’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை, எந்தத் திரைக்கதை ஆசிரியரும் கற்பனை செய்யக் கூசும் அளவுக்குச் சிறப்பானது. வியாழன் இரவு, பழுதுபார்க்க வந்த தொழிலாளிகளைப் போல உடுத்தி உள்ளே போனார்கள். லிஃப்டை மேல்தளத்தில் நிறுத்திவிட்டு, அது ஏறி இறங்கும் கூண்டு வழியே அடித்தளத்தில் குதித்தார்கள். நள்ளிரவுக்குப் பின் எச்சரிக்கை மணியின் சமிக்ஞை வெளியே போனது. காவல்துறைக்குத் தகவலும் வந்தது. உடனே போகத் தேவையில்லை என்று வகைப்படுத்திவிட்டார்கள். லாக்கர் நிறுவனத்தின் காவலாளி வந்து வெளிக்கதவைப் பார்த்தார், பூட்டியிருந்தது, திரும்பிவிட்டார். உள்ளே வைரமுனை எந்திரம் சுவரில் மூன்று துளைகளை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் போட்டு முடித்தது. அதன் பிறகுதான் சிக்கல். சுவருக்கு அந்தப் பக்கம் லாக்கர் அலமாரி தரையிலும் கூரையிலும் இறுக்கிப் பிணைக்கப்பட்டிருந்தது. அதைத் தள்ளக் கொண்டுபோன ஹைட்ராலிக் கருவி பழுதானது. வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் வெறுங்கையோடு வெளியே வந்தார்கள்.

இந்தக் குற்றத்தின் இதயம் அந்த வெள்ளிக்கிழமைக் காலைக்கும் சனிக்கிழமை இரவுக்கும் நடுவில் இருக்கிறது. தோற்றுப் போன இடத்துக்கு, துளை தெரிகிற சுவருக்கு, எந்நேரமும் பிடிபடக்கூடிய கட்டடத்துக்கு அவர்கள் மறுபடி போனார்கள். ட்விக்கன்ஹாம் பகுதிக் கடையில் புதிய கருவி வாங்கினார்கள். ரீடர் வர மறுத்தார். இன்னொருவர் வாசல்வரை வந்து, கதவு பூட்டியிருப்பதைக் கண்டு திரும்பிவிட்டார். வாழ்நாள் முழுக்க இப்படியொரு வாய்ப்புக்காகக் காத்திருந்த ரீடர் ஏன் விலகினார்? விலகுவதே புத்தி என்று தெரிந்தும் மற்றவர்கள் ஏன் போனார்கள்? பேராசையா, வயதின் அவசரமா, ஒருவர் முன் மற்றவர் கோழையாகத் தெரியக்கூடாது என்ற வீம்பா? படம் இந்த இடைவெளிக்குத் தர வேண்டிய நேரத்தைத் தரவில்லை. சச்சரவைக் காட்டிவிட்டு மேலே நகர்ந்துவிடுகிறது. துளைபோடும் வேலையையும் இசை பின்னணியில் ஒலிக்க வெட்டி வெட்டித் தொகுத்துவிடுகிறது. ஜூல்ஸ் தசீன் 1955இல் எடுத்த ‘ரிஃபிஃபி’யில் ஏறத்தாழ அரை மணி நேரம் பேச்சும் இசையும் இல்லாமல் ஒரு கொள்ளை நடக்கும். உழைப்பைக் காட்டினால் பதற்றம் தானாக வரும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். எழுபதைத் தொட்ட உடம்புகள் இரவெல்லாம் கான்கிரீட்டோடு மல்லுக்கட்டுவதை இருந்தபடி காட்டியிருந்தால், முதுமையைப் பற்றிய எந்த வேடிக்கை வசனமும் தேவைப்பட்டிருக்காது.

இதைவிடப் பெரிய செல்வம் ஒன்றையும் படம் கோட்டைவிட்டது. திருடியவர்களின் சொந்தப் பேச்சுதான் அது. சிசிடிவியில் சிக்கிய காலின்ஸின் வெள்ளை மெர்சிடிஸ் காரைப் பிடித்துக்கொண்டு துப்புத்துலக்கிய காவல்துறை, அந்தக் காரிலும் பெர்க்கின்ஸின் காரிலும் ஒட்டுக்கேட்புக் கருவி பொருத்தியது. வாரக்கணக்கில் அவர்கள் தங்கள் வீரத்தைத் தாங்களே சொல்லி மகிழ்ந்தார்கள். விலகிப் போன ரீடரைப் பழித்தார்கள். இன்சுலின் மட்டும் கையில் இல்லாதிருந்தால் தன்னைத் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று பெர்க்கின்ஸ் சொன்னதும் பதிவானது. இஸ்லிங்டனில் ஒரு மதுக்கூடத்தில் அவர்கள் கூடியதை மறைவாகப் படமெடுத்து, உதட்டசைவைப் படிப்பவரைக் கொண்டு பேச்சை எழுதி எடுத்தார்கள். குற்றவாளிகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை இப்படி நீதிமன்ற ஆவணமாகவே கிடைத்த வழக்குகள் அரிது. பெருமை, பயம், பொறாமை, உடல்நோவு, வஞ்சம் எல்லாம் ஒரே மூச்சில் கலந்த பேச்சு அது. படத்தில் இந்த ஒட்டுக்கேட்பு, காவலர்கள் நெருங்குகிறார்கள் என்று காட்டுவதற்கான வழியாக மட்டும் சுருங்கிவிட்டது. காவலர்களுக்கோ பெயர் சொல்லும்படியான பாத்திரம்கூடக் கிடைக்கவில்லை. கேட்பவரும் கேட்கப்படுபவரும் என்று எதிரெதிரே வைத்து வளர்த்திருக்கக்கூடிய ஒரு நாடகம் ஒற்றைக்கையால் தட்டிய ஓசையாக நின்றுவிட்டது.

அந்த இடத்தை நிரப்ப மார்ஷ் எடுத்துக்கொண்டது நடிகர்களின் புகழ். இந்த முகங்கள் இளமையில் நடித்த பழைய படங்களின் காட்சித் துணுக்குகளைப் படத்துக்குள் ஒட்டியிருக்கிறார். அழகான தொகுப்புதான், கெய்னின் 1960களை நேசிப்பவர்கள் நெகிழ்ந்துவிடுவார்கள். முதுமையைச் சொல்ல இதுவும் சினிமாவுக்கே உரிய வழி அல்லவா என்று ஒருவர் கேட்டால், வழி சரி, கடந்தகாலம் தவறு என்பேன். பெர்க்கின்ஸுக்குச் சொந்தமான ஒரு கடந்தகாலம் இருந்தது. 1983 ஈஸ்டர் திங்களன்று லண்டனில் செக்யூரிட்டி எக்ஸ்பிரஸ் பணக் கிடங்கில் 60 லட்சம் பவுண்டு கொள்ளை போனது. அங்கே ஒரு காவலாளி மீது பெட்ரோலை ஊற்றி, கொளுத்திவிடுவதாக மிரட்டினார்கள். அந்தக் கொள்ளைக்காக 22 ஆண்டு தண்டனை பெற்று, 1995இல் சிறையிலிருந்து தப்பியவர் பெர்க்கின்ஸ். அதே 1983 நவம்பரில் நடந்த பிரிங்க்ஸ்-மாட் தங்கக் கொள்ளையின் சரக்கைக் கைமாற்றிய வழக்கில் தண்டனை பெற்றவர் ரீடர். பிராட்பென்டின் கண்ணில் மின்னும் அந்தக் கொடுமைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. நடிகர்களின் இளமையை இவர்களின் இளமைக்குப் பதிலாக வைத்தபோது, பெட்ரோல் வாடை அடித்த ஒரு வரலாற்றின் மீது அன்புக்குரிய ஒரு திரை வரலாறு போர்த்தப்பட்டுவிட்டது. இது சுவைக் குறைபாடு என்று தள்ளிவிடக்கூடியதல்ல. உண்மைக் குற்றத்தைக் கையிலெடுத்தவர் செய்யக்கூடாத மாற்று.

திருடர்களைப் பற்றிய படத்தில் பறிகொடுத்தவர்களை ஏன் தேட வேண்டும், பொழுதுபோக்கை நீதிமன்றமாக்கலாமா என்பது அடுத்து வரும் மறுப்பு. கற்பனைக் கொள்ளை என்றால் இந்த மறுப்பை ஏற்கலாம். ஹாட்டன் கார்டனில் பெட்டி வைத்திருந்தவர்களில் சிறு நகை வணிகர்கள் பலர். தொழிலின் மொத்தச் சரக்கையும் அங்கேயே வைத்திருந்தவர்கள், காப்பீடு இல்லாதவர்கள், ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்ததை இழந்தவர்கள் அவர்களுக்குள் இருந்தார்கள். லாக்கர் நிறுவனமே அதே ஆண்டில் கலைக்கப்பட்டது. திருட்டுப் பொருளில் பெரும்பகுதி மீளவில்லை. பறிகொடுத்தவர்களைச் சேர்த்தால் படம் பாடமாகிவிடும் என்று அஞ்சுவோருக்கு, அதே 2018இல் வந்த பார்ட் லேட்டனின் ‘அமெரிக்கன் அனிமல்ஸ்’ மறுமொழியாக நிற்கிறது. 2004 டிசம்பரில் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்திலிருந்து ஆடுபானின் பறவை ஓவியத் தொகுதிகளைத் திருட முயன்ற நான்கு இளைஞர்களின் கதை அது. முதல் முயற்சியில் அவர்கள் போட்ட வேஷம் கிழவர் வேஷம். லேட்டன் அசல் ஆட்களையே நடிகர்களுக்கு இடையே பேச வைத்து, அவர்களின் நினைவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதையும் மறைக்காமல் காட்டுகிறார். திட்டம் தீட்டும் பகுதி எந்தக் கொள்ளைப் படத்துக்கும் குறையாத வேகத்தோடு ஓடுகிறது. பிறகு நூலகரைக் கட்டிப்போடும் கட்டம் வருகிறது. அங்கே சாகசம் அறுந்து, ஒரு பெண்ணின் பயம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசியில் அந்த அசல் நூலகரே வந்து பேசுகிறார். கொள்ளையின் கவர்ச்சியைப் பார்வையாளருக்கு ஊட்டிவிட்டு, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் அதே பார்வையாளரிடம் காட்டிய படம் அது. விறுவிறுப்பு ஓர் அணுவும் குறையவில்லை.

மார்ஷுக்காக நியாயமாகச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு. படப்பிடிப்பு நடந்தபோது, கும்பலில் ‘பேசில்’ என்ற புனைபெயரில் அறியப்பட்ட ஆள் பிடிபடவே இல்லை. அந்த ஆளான மைக்கேல் சீட் 2018 மார்ச்சில்தான் கைதானார். 2019இல் பத்தாண்டு தண்டனை பெற்றார். எனவே சார்லி காக்ஸ் ஏற்ற பேசில் பாத்திரம் ஊகத்தில் வார்த்ததாகத்தான் இருக்க முடியும். இதைக் குறையாகச் சொல்வது அநியாயம். ஆனால் கிழவர்களே அடையாளம் சொல்ல மறுத்த, முகம் மறைத்து நடந்த ஓர் ஆளை, அவர்களுக்கு நேரெதிரான கூச்ச சுபாவ இளைஞனாக்கியதால் கிடைத்தது பழையதும் புதியதும் மோதும் ஒரு வழக்கமான ஜோடிதான். தண்டனை பெற்றபோது சீட்டுக்கு வயது ஐம்பதுக்கு மேல். அறியாத ஆளை அறியாத ஆளாகவே கதைக்குள் உலவவிட்டிருந்தால், அவரோடு இரவெல்லாம் வேலை செய்தவர்களின் பேச்சு வழியாக மட்டும் அவரைக் காட்டியிருந்தால், படத்துக்கு வேறொரு ஆழம் வந்திருக்கும்.

இதே குற்றத்தை ஐடிவி தொலைக்காட்சி 2019இல் நான்கு பகுதித் தொடராக ஒளிபரப்பியது. டிமதி ஸ்பாலும் கென்னத் கிரானமும் நடித்த அந்தத் தொடர், பெட்டி பறிகொடுத்தவர்களின் வீட்டுக்குள்ளும் கதையைக் கொண்டுபோனது. தொடருக்கு நேரம் அதிகம், இரண்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய படத்தால் எப்படி முடியும் என்று கேட்கலாம். காது கேளாமை நகைச்சுவைக்கும் பழைய படத் துணுக்குகளுக்கும் கொடுத்த நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தால், ஒரு சிறு நகை வணிகர் செவ்வாய்க்கிழமை காலையில் கடைத்தெருவுக்கு வந்து, தன் பெட்டி உடைந்ததா இல்லையா என்று தெரியாமல் காவல்துறையின் தடுப்புக்கு வெளியே காத்திருந்ததைக் காட்ட அது போதும்.