நோய் பிள்ளைக்கு மட்டுமா?

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள் உண்டு. கிழக்கே எழுவான்கரையில் நகரமும் பெரிய வைத்தியசாலையும் கல்லூரிகளும். மேற்கே படுவான்கரையில் வயலும் மாடும், அவற்றோடு கூடப் பிறந்த வறுமையும். இருளைக் கண்டு அலறும் பிள்ளையை, பள்ளிக்கூடம் போக மறுக்கும் பிள்ளையை, காரணமின்றித் தம்பியை அடித்து நொறுக்கும் பிள்ளையைப் படுவான்கரைத் தாயொருத்தி எங்கே கொண்டு போவாள்? ஒருநாட் கூலியை இழந்து, பஸ் ஏறி, ஆஸ்பத்திரியிலே காத்திருந்து, மாத்திரைப் பொட்டலத்துடன் திரும்புவாள். இலவச வைத்தியம் இந்நாட்டு மக்கள் பெற்ற பெரும்பேறு. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்த இலவசம் வைத்தியசாலை வாசலோடு நின்றுவிடுகிறதே என்பதுதான் நமது முறையீடு.

பிள்ளையைத் தனியே பிரித்தெடுத்துக் குணப்படுத்திவிடலாம் என்ற எண்ணம் நல்லோரிடத்தும் உண்டு. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், 1991 ஜூனில் மகிழடித்தீவிலும் இரத்தம் சிந்திய மண் இது. அந்த மண்ணிலே 1996இல் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கூடி வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை அமைத்தனர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே மரநிழலில் களிமண் பிசைந்தனர், கதை கட்டினர். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அது சாமானியமான காரியமன்று. ஆயினும் மாலையானதும் பிள்ளை வீட்டுக்குத்தானே திரும்ப வேண்டும்? அந்த வீட்டுக்குள் பூங்கா போக முடியவில்லை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாவலடியை வாரிக்கொண்டு போன பின்னர் வந்தவர்களைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேச இயலாது. சில நாட் பயிற்சியில் உளவளத்துணையாளர்கள் உற்பத்தியாயினர். செயற்றிட்டம் முடிந்தது, அறிக்கை போயிற்று, ஜீப்பும் போயிற்று.

வடகிழக்குத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடையே கிளவ்டியா கத்தானியும் அவரோடு சேர்ந்தோரும் நடத்திய ஆய்வு 2008இல் வெளிவந்தது. போரும் கடலும் இழைத்த கொடுமையோடு, வீட்டினுள் விழும் அடியும் தந்தையின் குடியும் பிள்ளையின் மனத்தைச் சிதைப்பதை அது காட்டிற்று. துப்பாக்கி ஓய்ந்துவிட்டது, சாராயம் ஓயவில்லை. தகப்பன் குடிப்பதும் தாய் குவைத்துக்குப் போவதும் குடும்பத்தின் ஒழுக்கக்கேடு என்று உபதேசிப்போர் நிலமின்மையையும் கடனையும் பற்றி வாய் திறப்பதில்லை. அரசாங்கமோ, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்வதை 2013இல் தடுத்தது. டொலர் வறண்ட 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தது. பிள்ளையின் மனம் இடைப்பட்ட காலத்தில் உறுதிப்பட்டுவிட்டதா, என்ன? சிறுவர் இல்லங்களின் கதையும் இதுவே. அங்கே வளரும் பிள்ளைகளிற் பெரும்பாலோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கின்றனர்.

இத்தனைக்கும் மட்டக்களப்புக் குடும்பம் வெறுங்கையான குடும்பமன்று. தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் வீடு பெண்ணுக்குரியது. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து சேருகிறான். அக்காள் தங்கையர் அயல் வளவுகளில் வாழ்கின்றனர். தாய் இல்லாத வீட்டில் அம்மம்மாவும் பெரியம்மாவும் உண்டு. கண்டிக்கத் தாய்மாமன் உண்டு. இவர்களைக் கூட்டிவைத்துப் பேசாத வைத்தியம் என்ன வைத்தியம்? காணாமற்போன மகனைத் தேடிய தாய்மார் அம்மன் கோயில்களில் வாக்குக் கேட்கச் சென்றதை அமெரிக்க மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் எழுதியுள்ளார். தெய்வமாடுதலில் நமக்கு நம்பிக்கையில்லை. எனினும் ஒருவரின் துயரை உற்றார் நடுவே வைத்துக் கேட்கும் அந்த வழக்கம் நமது வைத்தியர்கள் கவனிக்கத்தக்கது.

குடும்பத்தோடு சேர்த்துப் பிள்ளையைக் குணப்படுத்துதல் வெறுங் கனவன்று. அமெரிக்காவின் தென் கரோலைனாவில் ஹெங்லரும் அவர் குழுவினரும் வகுத்த முறைப்படி, சிகிச்சையாளர் இளைஞனின் வீட்டுக்கே செல்கிறார். சில மாதங்கள் பெற்றோர், ஆசிரியர், அயலார் எல்லோருடனும் வேலை செய்கிறார். பல மாநிலங்களில் பொதுப்பணமே அதற்குக் கூலி கொடுக்கிறது. பையனைச் சிறையிலிடுவதைவிட இது மலிவு என்ற கணக்குத்தான் அங்கு கண்ணைத் திறந்தது. கருணை பின்னால் வந்திருக்கலாம். நோர்வே 1999இல் அதே முறையை அரச செலவில் ஏற்றது.

நம்மிடம் பணமில்லை என்பார்கள். 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாட்டில் இந்த விடை எடுபடாது. அரசாங்கச் சம்பளம் பெறும் மருத்துவமாது வீடு வீடாகச் செல்லும் வழக்கம் நமக்குப் புதிதன்று. 2005இன் தேசிய உளநலக் கொள்கையும் சேவையைச் சமூகத்துக்குக் கொண்டு செல்வதாகவே வாக்களித்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த ஓர் உத்தியோகத்தருக்கு நிரந்தரச் சம்பளம், படுவான்கரைக்குப் போய்வர ஒரு வாகனம், இரண்டையும் வெளிநாட்டு நன்கொடையில் அன்றி வரவுசெலவுத் திட்டத்தில் எழுதவேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

இன்று மருத்துவமாது அந்த வளவுக்குள் நுழைகிறாள். கைக்குழந்தையை நிறுக்கிறாள், அட்டையில் எடையைக் குறிக்கிறாள். வேலியோரத்தில் பேசாமல் நிற்கும் அக்குழந்தையின் மூத்த அண்ணனைக் குறித்துக்கொள்ள அவளிடம் அட்டை இல்லை.