தோளுக்கு மேல் ஒரு பாரம்

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கிலிருந்து 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் வரை பளு தூக்கும் போட்டியில் மூன்று வகைத் தூக்கல்கள் இருந்தன என்பதும், அவற்றுள் 'பிரஸ்' என்று வழங்கிய ஒன்று மியூனிக்கோடு அடியோடு நீக்கப்பட்டது என்பதும், அதே அப்பியாசத்தை இன்று ஜிம்மில் நாள்தோறும் செய்கிற இளைஞர்களில் பலர் அறியாத சங்கதி. மார்புக்கு மேலே ஏந்திய பாரத்தைக் காலின் உந்துதல் சிறிதுமின்றித் தலைக்கு மேல் உயர்த்துவது அதன் லட்சணம். அதை நீக்கியது பலம் வெளிப்படவில்லை என்பதற்காக அன்று. சோவியத் வீரர் வசீலி அலெக்ஸேயெவ் 236 கிலோவுக்கும் மேல் அவ்விதம் உயர்த்தியிருக்கிறார். பாரம் ஏற ஏற, வீரர்கள் இடுப்பை முன்தள்ளி முதுகைப் பின்னே வளைத்து, சாய்ந்த பலகையில் படுத்தவர்போல் மார்புத் தசையையும் துணைக்கு அழைத்துக்கொள்ளவே, எது முறையான தூக்கல், எது புரட்டு என்று நடுவர்கள் தீர்ப்பளிப்பது கடினமாகிவிட்டது.

நடுவர்களுக்கே விளங்காத அந்த முறை, கண்ணாடியின் முன் தனியே நிற்கும் நமக்கு எவ்வளவு விளங்கும்? ஆயினும் முறையை வற்புறுத்துகிறவர்களின் பக்கம் நியாயம் உண்டு. பிருஷ்டத்தை இறுக்கி, விலா எலும்புகளை அடக்கி, முன்னங்கைகள் செங்குத்தாக நிற்க, முகத்தை உரசினாற்போல் பாரத்தை மேலேற்றி, முடிவில் அது பாதங்களின் நடுவுக்கு நேர் மேலே நிற்கும்படி செய்கிறவனுக்கு, சுமை தோளின்மீதே விழுகிறது. இடுப்பு வளைந்தால் அதே சுமையில் ஒரு பங்கைக் கீழ்முதுகின் முள்ளெலும்புகள் வாங்கிக்கொள்கின்றன. தோளை வளர்க்கப் புகுந்தவன் இடுப்புவலியோடு திரும்பும் விபரீதம் பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது.

குறை எங்கே என்றால், முறை என்ற பெயரில் வழங்கும் சில கட்டளைகள் சரீர சாஸ்திரத்துக்கே விரோதமாக இருப்பதில்தான். "தோள்பட்டைகளைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்துப் பிடி" என்பது படுத்துத் தள்ளும் பெஞ்ச் பிரஸுக்குப் பொருத்தமான உபதேசம். அதையே தலைக்கு மேல் உயர்த்தும்போதும் சொல்லுகிற ஆசிரியர்கள், கை முழுவதும் உயர்வதற்கான ஏறக்குறைய 180 பாகையில் 120 பாகையளவே மேற்கை எலும்பின் மூட்டிலிருந்து வருகிறது என்பதையும், எஞ்சிய 60 பாகை தோள்பட்டை எலும்பு மேல்நோக்கிச் சுழல்வதால் வருகிறது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். சுழல வேண்டிய எலும்பை ஆணி அடித்ததுபோல் நிறுத்திவிட்டுக் கை மட்டும் உயர வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்விதத்தில் முறையாகும்?

டம்பெல்லைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது, செம்பிலிருந்து நீர் சாய்ப்பதுபோல் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பு என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நடுத் தோள்தசை நன்கு வேலை செய்வதற்காகச் சொல்லப்படும் இவ்வுபாயம், மேற்கை எலும்பின் புடைப்பைத் தோள்முனை எலும்பின் கீழே கொண்டுபோய் நிறுத்துகிறது. கையைச் சற்றே முன்பக்கமாக, பக்கவாட்டிலிருந்து 30 பாகையளவு தள்ளி உயர்த்தினால் பலருக்கு உறுத்தலின்றி ஏறுகிறது. பிடரிக்குப் பின்னே பாரத்தை இறக்கும் பழைய வழக்கமோ, தோள் நன்றாக நெகிழ்கிறவர்களுக்குக் குற்றமற்றது. நாளெல்லாம் மேசைமுன் குனிந்திருப்பவர்களுக்குக் கழுத்தை முன்னே நீட்ட வைக்கும் உபத்திரவம்.

அச்சத்தையும் அளவோடு கொள்ள வேண்டும். பிரஸ் நீங்கிய அதே 1972-இல்தான், தோள்முனை எலும்பின் கீழ்த் தசைநாண் நசுங்குவதே வலிக்கு ஹேது என்று அமெரிக்க அறுவை வைத்தியர் சார்ல்ஸ் நியர் எழுதினார். தலைக்கு மேல் பாரம் தூக்குவதே ஆபத்து என்ற எண்ணத்துக்கு அக்கருத்து பெரிதும் இடங்கொடுத்தது. ஆனால் அந்த எலும்பைச் செதுக்கும் சிகிச்சை, பாவனையாகச் செய்த சிகிச்சையைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க நன்மை தரவில்லை என்று 2018-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு கண்டது. வலிக்குக் காரணம் எலும்பின் நெருக்கம் ஒன்றே என்று இனி அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது. பழக்கமில்லாத தோளின்மேல் ஒரே மாதத்தில் ஏற்றப்படும் பாரத்தையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

தோள்பட்டை சுழல வேண்டும் என்ற விஷயத்தில், கட்டையைத் தோளைச் சுற்றிச் சுழற்றும் நம் கர்லாக்கட்டை வித்தை ஒரு விவேகத்தைக் காட்டுகிறது: அங்கே தோள்பட்டையை நிறுத்தி வைக்க வழியே இல்லை, சுழன்றே தீர வேண்டும். கட்டையின் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்ட முடியாமை அதன் குறை. பார்பெல் வென்றது அங்கேதான்.

இதைப் படிக்கிறவர் நாளைக்குப் பயிற்சிக்குப் போனால், வழக்கமான எடையில் பாதியை எடுத்துக்கொண்டு, எதிரே உள்ள கண்ணாடியை நம்பாமல், பக்கவாட்டில் ஒரு நண்பரை நிறுத்தி, கடைசி இரண்டு தூக்கல்களில் விலா எலும்பு முன்னே புடைக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லச் சொல்லட்டும்.