சின்ன ஹாலில் ஒரு தியேட்டர்

பத்துக்குப் பத்து ஹாலுக்கு ஐந்து ஸ்பீக்கர் எதற்கு? சவுண்ட்பாரும் தனி சப்வூஃபரும் உள்ள 2.1 செட்டே தாராளம். அதிலும் அந்த சப்வூஃபர் மேல் எனக்குத் தனிப் பிரியம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று காதுக்குச் சரியாகப் பிடிபடாது. அந்த அலையின் நீளமே நாலு மீட்டருக்கு மேல். அதனால் பெட்டியை சோபா பக்கம் ஒதுக்கி வைத்தாலும் உறுமியின் அதிர்வு திரையிலிருந்தே வருவதுபோல் இருக்கும். மூலையில் மட்டும் ஒட்டி வைக்காதீர்கள்; இரண்டு சுவரும் சேர்ந்து பேஸைப் பெருக்கி வசனத்தை அமுக்கிவிடும். கொஞ்சம் வெளியே இழுத்துப் பாருங்கள், இளையராஜாவின் பேஸ் கிதார் நோட்டு நோட்டாகப் பிரிந்து கேட்கும். ஆகா, என்ன சுகம்!

வாட்ஸ் கணக்கில் மயங்க வேண்டாம். டிவியில் எச்டிஎம்ஐ ஏஆர்க் இருந்தால் ஒரே கேபிள், ஒரே ரிமோட். வாங்கும்போது சத்தத்தைக் குறைத்து, கிசுகிசுப் பேச்சு புரிகிறதா என்று பாருங்கள்.