தும்மல் ஜோசியம்

எதிர் ஃப்ளாட் பெண்மணி போன வாரம் நாலு பக்க ரிப்போர்ட்டோடு வந்தார். ''சார், நீங்க இதெல்லாம் படிப்பீங்களே... கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்.''

மகளுக்கு மூன்றரை வயது. ஏதோ காய்ச்சலுக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில், ''பேக்கேஜ்ல வருது மேடம், இதையும் சேர்த்துப் பார்த்துடலாம்'' என்று அலர்ஜி டெஸ்ட்டும் எடுத்துவிட்டார்கள். கத்தரிக்காயிலிருந்து கரப்பான் பூச்சி வரை வரிசையாகப் பட்டியல். அதில் 'புல் மகரந்தம்' என்ற இடத்தில் மட்டும் தடித்த எழுத்தில் 'பாசிட்டிவ்'.

''குழந்தைக்கு மூக்கு ஒழுகுதா?''

''இல்லை.''

''கண் அரிப்பு, காலையில அடுக்குத் தும்மல்?''

''ஒண்ணுமே இல்லை சார். ஆனா பின்னாடி வருமாமே! அதான் பத்து நாளா பார்க்குக்கு அனுப்பறதில்லை.''

அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை என்னை விரோதமாகப் பார்த்தது. பார்க்கை மூடியது நான்தான் என்று நினைத்திருக்கும்.

அந்த 'வருமாமே'வைக் கொஞ்சம் அலசிப் பார்க்கலாம். ஏனென்றால், அது முழுப் பொய் இல்லை. முக்கால் உண்மை. முழுப் பொய்யைவிட அதுதான் ஆபத்தானது.

மகரந்தத்தால் வரும் இந்தத் தும்மல் வியாதிக்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர் 'ஹே ஃபீவர்'. அதில் 'ஹே' என்கிற வைக்கோலும் குற்றவாளி இல்லை, ஃபீவரும் கிடையாது. சில பேர் உடம்பு, பாவம் போல் பறந்து வரும் மகரந்தத்தை எதிரி என்று தப்பாக எண்ணி, ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்கிறது. அமெரிக்காவில் இஷிஸாகா என்ற ஜப்பானியத் தம்பதியும், ஸ்வீடனில் யோஹான்ஸன், பென்னிக் இருவரும் தனித்தனியே 1960-களின் பிற்பகுதியில் கண்டுபிடித்த சமாசாரம் இது. அதை ரத்தத்தில் அளக்க முடியும் என்றானதும் ஆசை வந்துவிட்டது. வியாதி வருவதற்கு முன்பே அளந்துவிட்டால்?

முதலில் தொப்புள்கொடி ரத்தத்திலேயே பார்த்தார்கள். பிற்பாடு அலர்ஜி வந்த பல குழந்தைகளை அது கோட்டைவிட்டது. அடுத்து, பொறுமைசாலிகளான ஜெர்மானியர்கள் களத்தில் இறங்கினார்கள். 1990-ல் ஐந்து நகரங்களில் பிறந்த 1,314 குழந்தைகளைப் பதிவு செய்துகொண்டு, அவர்கள் வளர வளர ரத்தம் எடுத்துச் சேமித்து வைத்தார்கள். அந்த ரத்தத்தில் 820 பேருடையதை ஆராய்ந்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அலர்ஜி ஜோசியம் பேசுகிறவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்.

அழகான ஆராய்ச்சி, மறுக்கவே முடியாது. டிமோதி என்று ஒரு தீவனப் புல். அதன் மகரந்தத்தில் பல புரதங்கள். குழந்தையின் உடம்பு எடுத்த எடுப்பில் எல்லாவற்றோடும் சண்டை போடுவதில்லை. நான்கில் மூன்றுக்கும் மேற்பட்ட கேஸ்களில் தகராறு ஆரம்பிப்பது ஒரு குறிப்பிட்ட புரதத்தோடுதான். அதுவும் முதல் தும்மலுக்குப் பல காலம் முன்பே. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது என்று பகை பரவுகிறது. தெருச் சண்டை ஊர்ச் சண்டை ஆவது மாதிரி. சண்டை முற்றிக்கொண்டு வரும்போதுதான் பெரும்பாலும் மூக்கு ஒழுகுகிறது. ஒரு வியாதி தன் வேலையை ஆரம்பிப்பதற்கு முன் ஒத்திகை பார்ப்பதை இப்படி வருஷக்கணக்கில் படம் பிடித்தது பெரிய காரியம்.

இனிமேல்தான் வில்லங்கம். மூன்று வயதில் ரத்தத்தில் 'பாசிட்டிவ்' வந்த குழந்தைகளில் 100-க்கு 68 பேருக்கு 12 வயதுக்குள் புல் மகரந்தத் தும்மல் வந்தது. 'நெகட்டிவ்' வந்தவர்களில் 100-க்கு 84 பேருக்கு வரவில்லை. பிரமாதம் என்று கை தட்டத் தோன்றுகிறது இல்லையா? கொஞ்சம் பொறுங்கள்.

820 பேரில் மொத்தம் தும்மியது 177 பேர். அதாவது 100-க்கு 22. ஆக, ஊசியே போடாமல், கண்ணை மூடிக்கொண்டு 'உங்க குழந்தைக்கு வராது' என்று எல்லா அம்மாக்களிடமும் சொல்லிக்கொண்டு போனாலே 100-க்கு 78 தடவை நான் சொன்னது பலித்திருக்கும். ரத்தம் எடுத்துச் சொன்னால் 84. ஒரு குழந்தையைக் கதறவிட்டுக் கிடைத்த லாபம் ஆறு.

இன்னொரு கணக்கும் பாருங்கள். இது தோராயமாக நானே போட்டது. 100 குழந்தைகளில் 10 பேருக்கு பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏழு பேர் தும்முவார்கள். மீதி 90 பேர் நெகட்டிவ். அவர்களில் 100-க்கு 16 என்றால் 14 பேர் தும்முவார்கள். ஆக, தும்மப்போகும் 21 பேரில் 14 பேர், 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று ரிப்போர்ட் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள்! பயமுறுத்தப்பட்ட பத்து பேரில் மூன்று பேருக்கு எதுவும் வராது.

போதாக்குறைக்கு, அந்த ஜெர்மன் ஆய்வில் பரம்பரை அலர்ஜி உள்ள குடும்பங்களின் குழந்தைகளை வேண்டுமென்றே அதிகமாகச் சேர்த்திருந்தார்கள். ஆராய்ச்சிக்கு அது நியாயம். ஆனால், பேக்கேஜில் வருகிற சாதாரணக் குழந்தைகளுக்கு அந்த 68-ஐ அப்படியே சொல்வது நியாயமில்லை. அவர்களிடம் அது குறையத்தான் செய்யும். தவிர, டிமோதி குளிர்நாட்டுப் புல். நம் ஊரில் மூக்கைப் பதம் பார்ப்பது அருகம்புல், பார்த்தீனியம், சீமைக் கருவேலம். அங்கே போட்ட ஜாதகத்தை இங்கே வைத்துப் பலன் சொல்ல முடியாது.

'எல்லாம் சரி, பத்தில் ஏழு பலிக்கிறதே, முன்கூட்டியே தெரிந்தால் நல்லதுதானே?' என்று கேட்பீர்கள். என் பதில் ஒரு கேள்விதான்: தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்?

வருவதற்கு முன்பே தடுக்க நிரூபணமான வைத்தியம் இன்னும் கிடையாது. புல் மகரந்தத்தையே மாத்திரையாக்கி நாக்கின் கீழே வைக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. அதை ஏற்கெனவே தும்மிக்கொண்டிருந்த 812 குழந்தைகளிடம் ஐந்து வருஷ ஆய்வாகச் சோதித்து 2018-ல் முடிவைச் சொன்னார்கள். ஆஸ்துமாவின் அறிகுறிகளும் மருந்துத் தேவையும் குறைந்தன. ஆனால், ஆய்வின் முதல் கேள்வியான 'ஆஸ்துமா தொடங்குவதையே இது தள்ளிப் போடுமா?' என்பதற்குச் சாதகமான பதில் வரவில்லை. தும்மாத குழந்தைக்கு என்ன கொடுப்பது?

மருந்து இல்லாத இடத்தில் மனிதர்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். விலக்குவது. பார்க் வேண்டாம், புல் வேண்டாம், ஜன்னலைச் சாத்து. இதற்கும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. அலர்ஜிக்கு வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலையைக் காட்டவே கூடாது என்று 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அறிவுரை சொன்னது. ஆதாரம் போதாது என்று 2008-ல் பின்வாங்கியது. 2015-ல் லண்டனில் 640 குழந்தைகளை வைத்துச் செய்த சோதனையின் முடிவு வந்தது. சரும டெஸ்ட்டில் நெகட்டிவ்வாக இருந்த குழந்தைகளில், கடலையை விலக்கியவர்களில் 100-க்கு 13.7 பேருக்கு அலர்ஜி. சின்ன வயதிலிருந்தே சாப்பிட்டவர்களில் 1.9 பேருக்குத்தான். விலக்கச் சொன்ன அறிவுரை தலைகீழாகிவிட்டது. கடலையும் மகரந்தமும் ஒன்றல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால், 'எதுக்கும் இருக்கட்டுமே' என்று செய்வதெல்லாம் ஜாக்கிரதை ஆகிவிடாது என்பதற்கு இது போதும்.

டெஸ்ட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. குழந்தை சீசன் தவறாமல் தும்மினால், மூச்சு இழுத்தால், டாக்டர் கதையைக் கேட்டுவிட்டு, சந்தேகப்படும் இரண்டு மூன்று பொருள்களுக்கு மட்டும் ரத்தம் பார்ப்பது நல்ல வைத்தியம். கதையே இல்லாமல் கத்தரிக்காய் முதல் கரப்பான் வரை பார்ப்பது வியாபாரம். இப்படி மொத்தமாகப் பார்க்காதீர்கள் என்று அமெரிக்க அலர்ஜி நிபுணர்கள் சங்கமே 2012-ல் சொல்லிவிட்டது. ஐஜிஇ இருப்பது வேறு, வியாதி இருப்பது வேறு. வீட்டில் தீப்பெட்டி இருக்கிறது என்பதற்காக யாரும் ஃபயர் சர்வீஸுக்கு போன் செய்வதில்லை.

அந்த ஆராய்ச்சியாளர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை. அவர்கள் 68 என்று எழுதியதோடு நிற்காமல், நிஜ எண் 50-லிருந்து 82 வரை எங்கேயும் இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். நம் லேப் ரிப்போர்ட்டில் அந்த அடக்கமெல்லாம் கிடையாது. தடித்த எழுத்தில் ஒரே வார்த்தைதான்.

அடுத்த முறை யாராவது 'இதையும் சேர்த்துப் பார்த்துடலாம்' என்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ''ரிசல்ட் எப்படி வந்தாலும் நாளைக்கு நாங்க எதை மாத்தணும்?'' பதில் இல்லையென்றால் பர்ஸை உள்ளே வையுங்கள்.

எதிர் ஃப்ளாட்டுக்காரரிடம் இதையெல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். ''எதுக்கும் குழந்தைங்க டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன் சார்'' என்றார். சரியான முடிவு. என்னை நம்பவே கூடாது.

நேற்று சாயங்காலம் அந்தக் குழந்தை பார்க்கில் புல்லின் மேல் புரண்டுகொண்டிருந்தது. இன்னும் ஒன்பது வருஷம் கழித்துத் தும்மலாம். தும்மாமலும் போகலாம். நேற்று தும்மவில்லை.