திருக்காயங்களும் தீச்சொல்லும்

ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தில் இயாகோவின் வாயில் வரும் ஆணைச்சொல் ‘சூண்ட்ஸ்’. ‘கடவுளின் காயங்கள்மீது ஆணை’ என்பதன் சிதைவு அது. நாம் முழந்தாளிட்டு வணங்கும் திருக்காயங்களே அங்கு வசைச்சொல்லாயின.

மேடையில் இறைப்பெயரை இழிவாக வழங்கினால் 10 பவுண்டு அபராதம் என 1606இல் இங்கிலாந்தில் சட்டம் பிறந்தது. 1622ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள இச்சொல், 1623ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பின் ‘ஒத்தெல்லோ’வில் இல்லை.

அதனால் இயாகோ திருந்திவிட்டானா? டெஸ்டிமோனாவின் கற்பைக் குறித்து நேர்மையாளன்போல் அவன் சொன்ன பொய்கள் இரு பதிப்புகளிலும் அப்படியே நிற்கின்றன. அவள் உயிரைக் குடித்தவை அவையே. ஆணைச்சொல்லை நீக்கியதால், அவன் உள்ளத்தின் அழுகலைக் காட்டிய அடையாளமொன்றுதான் மறைந்தது. வசைச்சொல்லுக்கு நாணும் நாம் அவதூறுக்கும் நாணுகிறோமா?