கோப்பு யார் பொறுப்பு?

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு என்றால் தக்காளி மண்டியும் கூட்டுறவு சர்க்கரை ஆலையும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 2016 முதல் 2021 வரை தமிழ்நாட்டின் உயர்கல்வி அமைச்சராக இருந்த கே.பி.அன்பழகன் இந்தத் தொகுதியிலிருந்து தேர்வானவர். அந்த ஆண்டுகளில் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகள் படிப்படியாக அரசுக் கல்லூரிகளாயின. பெரியார் பல்கலைக்கழகம் இதே மாவட்டத்தில் பென்னாகரத்திலும் அரூரிலும் நடத்திவந்த கல்லூரிகளும் அவற்றில் அடக்கம். மாணவருக்குக் கட்டணம் குறைந்தது, நல்லது. ஆசிரியருக்குச் சம்பளம் தரும் இடம் மாறியது. அவருடைய பணி விவரம் முழுவதையும் ஒரே இடத்தில் வைத்துப் பதில் சொல்லும் ஆள் மட்டும் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

தருமபுரியிலோ காரிமங்கலத்திலோ பணியாற்றும் ஒரு கல்லூரி ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். பாடத்திட்டம், வினாத்தாள், விடைத்தாள் திருத்தம் எல்லாம் சேலத்தில் உள்ள பெரியார் பல்கலைக்கழகத்தின் கையில். நியமனமும் மாறுதலும் சென்னைக் கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் கையில். நடுவே தருமபுரி மண்டல இணை இயக்குநர் அலுவலகம். பணிப்பதிவேடு கல்லூரி அலுவலக பீரோவில். பணி மேம்பாட்டுக் கோப்பு நகர்ந்ததா என்று கேட்டால் ஒவ்வொரு இடத்திலும் அடுத்த இடத்தைக் காட்டுவார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வலு உண்டு, அதை மறுக்கக் கூடாது. மாறுதல் கலந்தாய்வில் நடப்பதால், உள்ளூர்ப் பெரிய மனிதரின் சிபாரிசுக்கு வேலை குறைவு. நிரந்தர ஆசிரியரின் சம்பளம் கருவூலம் வழியாகத் தேதி தவறாமல் வருகிறது. அசல் சான்றிதழ்களை நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டு, விலக நினைக்கும்போது கெஞ்சி நிற்கும் தனியார் கல்லூரி ஆசிரியருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு நிரந்தரப் பணியில் இருப்பவரோடு நின்றுவிடுகிறது. 2019-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 2,331 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. மொத்த மதிப்பெண் 34. அதில் கற்பித்தல் அனுபவத்துக்கு மட்டும் 15, ஆண்டுக்கு 2 வீதம். அதாவது ஏழரை ஆண்டுப் பாடம் நடத்தியவர் அதை ஒரு தாளில் காட்ட வேண்டும். முதல்வர் கையெழுத்து போதாது, இணை இயக்குநரின் மேலொப்பமும் வேண்டும். வருகைப் பதிவேடு எங்கே, அப்போதைய ஆணை நகல் எங்கே என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். பழைய முதல்வர் ஓய்வு பெற்றிருப்பார், தனியார் கல்லூரி என்றால் ஆணையே கொடுத்திருக்காது. வகுப்பில் நின்ற ஆண்டுகள் மதிப்பெண்ணாவதும் ஆகாமல் போவதும் அலுவலகம் ஆவணத்தைக் காத்த விதத்தைப் பொறுத்தது. இவ்வளவு அலைந்தும் அந்த நியமனம் நடக்கவே இல்லை என்பது தனிக் கொடுமை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு வந்த அறிவிப்பின் தேர்வும் தள்ளிப்போனது.

இந்த இடைவெளியில் கல்லூரிகளை ஓட்டுபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். 2019 ஜனவரியில் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி), ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை என்று வரையறுத்தபோது, இங்கே தொகுப்பூதியம் 15,000. பின்னர் 20,000 ஆகி 25,000-க்கு வந்தது. அதுவும் 11 மாதங்களுக்குத்தான், மே மாதம் கிடையாது. பெயரில் மட்டும் கௌரவத்துக்குக் குறைவில்லை. ஊதியம் அரசின் கொள்கை, பல்கலைக்கழகத்தால் மாற்ற முடியாது என்பது சரியே. ஆனால் அவர் எந்த ஆண்டு எந்தத் துறையில் என்ன பாடம் நடத்தினார் என்று பதிந்து வைத்து, கேட்ட வாரத்தில் சான்று தர எந்த அரசாணையும் தேவையில்லை.

இதற்கென்று தனி அலுவலகம் வைத்தால் என்ன? ஐஐடி பம்பாயிலும் கான்பூரிலும் ஆசிரியர் விவகாரங்களுக்கென்றே தனி டீன் இருக்கிறார். அதை அப்படியே சேலத்துக்குக் கொண்டுவரலாம் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே வேலை கொடுப்பதும் பட்டம் கொடுப்பதும் ஒரே நிறுவனம். இங்கே பட்டம் ஓரிடம், வேலை ஓரிடம். புது அலுவலகம் என்றதும் ஆசிரியர்கள் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் மதிப்பீட்டுக்காக வந்த அகத்தர உறுதி மையம் ஆசிரியரைத் தாங்கும் என்றார்கள். பல கல்லூரிகளில் அது புகைப்படமும் வருகைத்தாளும் கேட்டு வாட்ஸ்அப்பில் துரத்தும் இன்னொரு மேசையாகிவிட்டது. அந்தக் கோப்பைத் தயாரிப்பவரும் வாரம் 16 மணி நேரம் பாடம் நடத்த வேண்டிய அதே உதவிப் பேராசிரியர்தான்.

ஆகவே பல்கலைக்கழகம் முதலில் ஒரு சிறு வேலையை எடுத்துக்கொள்ளட்டும்: இணைவுக் கல்லூரி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும், தனியார், கௌரவம் என்ற பேதமில்லாமல், ஒரு பணிப் பதிவு. வினாத்தாள் தயாரிப்புக்கும் விடைத்தாள் திருத்தத்துக்கும் அழைக்க ஆசிரியர் பட்டியல் அதனிடம் எப்படியும் இருக்கிறது. ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து, இணை இயக்குநரின் ஒப்பத்தை அப்போதே வாங்கி வைத்தால், அடுத்த அறிவிப்பு வரும்போது யாரும் பழைய முதல்வரின் வீட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. தனியார் நிர்வாகங்கள் இதை விரும்பா. காகிதத்தில் காட்டும் ஆசிரியர் எண்ணிக்கையும் வகுப்பில் நிற்பவர் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பது இந்தப் பதிவில் முதலில் வெளிவந்துவிடும்.