கந்தசாமிப் பிள்ளையின் சில்லறைக் கணக்கு

கதைமாந்தர் மீது நம்பிக்கை பிறப்பது அங்க வர்ணனையால் அல்ல. அவர்களுடைய தேவையாலும் கணக்காலும்தான். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' (1943) இதற்கு நல்ல சான்று. சென்னை பிராட்வே சந்திப்பில் நிற்கும் பிள்ளை, கையிலுள்ள சில்லறையில் டிராமில் போனால் வெற்றிலைக்கு மிஞ்சுமா, பஸ்ஸில் கண்டக்டரைக் கொஞ்ச தூரம் ஏமாற்றினால் அரைக் கப் காப்பி கிடைக்குமா என்று யோசிக்கிறார். அவர் ஏழை, சாமர்த்தியசாலி, சின்னச் சின்ன ஆசைகள் உள்ளவர் என்பதெல்லாம் இந்த ஒரே கணக்கில் தெரிந்துவிடுகிறது. ஆசிரியர் தனியாக எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு கடவுளே எதிரில் வருகிறார். இங்கேதான் புதுமைப்பித்தனின் உண்மையான திறமை. பிள்ளை பரவசப்படுவதில்லை, தாம் நடத்தும் 'சித்த வைத்திய தீபிகை'க்குச் சந்தா கேட்கிறார். விருந்தாளியைப் பெரியப்பா என்று சொல்லி வீட்டுக்கும் அழைத்துப்போகிறார். பத்திரிகை நடத்திப் பிழைக்கும் மனிதர் வேறு எப்படி நடந்துகொள்வார்? நிகழ்ச்சி எவ்வளவு அதிசயமானாலும் மாந்தரின் சுபாவம் மாறக் கூடாது. அந்த உறுதியால்தான் கடவுளையும் வாசகர் நம்புகிறார்.

பேச்சும் அப்படியே. பிள்ளையின் உரையாடலில் தத்துவப் பிரசங்கம் இல்லை. திருவல்லிக்கேணிக் குடித்தனக்காரரின் பேச்சுத்தான் இருக்கிறது. கதை எழுதப் பழகுகிறவர்கள் இந்தக் கதையின் முதல் பத்தியை மட்டுமாவது நிதானமாகப் படிக்க வேண்டும்.